சாறு கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?

மூன்று வருஷத்துக்கு முன் வரப்பில் பாம்பு கடித்தபோது உங்கள் கணவர் சிறியாநங்கை இலைச் சாறு குடித்தார், பிழைத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பிழைத்தது சாற்றால் இல்லை. வயலில் திரிவதில் சாரை, தண்ணீர்ப்பாம்பு என்று விஷமில்லாதவையே நிறைய. நல்ல பாம்புகூடச் சில சமயம் விஷத்தை இறக்காமல் கடிக்கும். அந்தக் கடிக்கு எந்த இலையைக் கொடுத்தாலும் ஆள் எழுந்து நடப்பார். இலையை மென்று பார்க்கச் சொல்லி, கசந்தால் விஷமில்லை என்று முடிவுகட்டுவதையும் நம்பாதீர்கள். அந்த விஷம் இன்னும் அவர் உடம்பில் தங்கியிருக்குமா என்றால், தங்காது. அந்தக் கவலையை விடுங்கள்.

உங்கள் பயம் கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது. பிள்ளைகள் தரையில் படுக்கிறார்கள். உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம். ராத்திரியில் ஏதாவது ஆனால், மாமியார் சொல்வதுபோல் சாறு கொடுத்துவிட்டுக் கிளம்பலாமா?

கூடாது. ஒரு மடக்குகூடக் கூடாது.

தரையில் தூங்குபவரைக் கடிப்பது பெரும்பாலும் கட்டுவிரியன். பல் சிறியது, பல நேரம் வலியோ வீக்கமோ இருக்காது, தடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் பிள்ளை வயிறு வலிக்கிறது என்று அழும், வாந்தி எடுக்கும். நாம் அஜீரணம் என்று ஓமத் தண்ணீர் கொடுப்போம். அப்புறம் கண் இமை இறங்கும். இந்த ஒன்றை மறக்காதீர்கள். தலையை அசைக்காமல் விட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிமிஷத்துக்குள் இமைகள் சரிந்தால் அது தூக்கக் கலக்கம் இல்லை. நரம்பு இடும் கட்டளை தசைக்குப் போகாமல் விஷம் தடுக்கிறது. அடுத்தது தொண்டை, பிறகு மூச்சு. தொண்டை தளர்ந்த பிள்ளைக்கு ஊற்றும் சாறு நுரையீரலுக்குப் போகும். ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏழு வயதுப் பையன் ஒருவனின் மூச்சுக்குழாயிலிருந்து பச்சைச் சாற்றை உறிஞ்சி எடுத்திருக்கிறேன். கடித்த தடம் எங்கே என்று கடைசி வரை தெரியவில்லை. வென்டிலேட்டரில் கிடந்து பிழைத்தான்.

கடித்தது தெரிந்தால் இமை இறங்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். உடனே 108. கொலுசைக் கழற்றுங்கள், பிள்ளையை நடக்க விடாதீர்கள், வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கயிறு கட்டுவதும் பிளேடால் கீறுவதும் வேண்டாம்.

விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். குழந்தைக்கும் பெரியவருக்குக் கொடுக்கும் அதே அளவுதான் போடுவோம். குப்பி குப்பியாக ஏற்றுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள்: பாம்பை நம் எல்லோரையும்விட அறிந்தவர்கள் இருளர்கள். 1978-இல் அவர்கள் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருக்கிறது. அங்கே எடுக்கும் விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளிலிருந்துதான் இந்த மருந்து வருகிறது.

பாம்புக்கடிக்கு ஈஸ்வரமூலி வேரைக் கொடுக்கச் சொல்லிப் போனில் வந்த வீடியோவை இப்போதே அழியுங்கள். அந்த வேரில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கண்ணாடி விரியன் விஷமும் சிறுநீரகத்தைத்தான் தாக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அதை அனுப்பியவர் யோசிக்கவில்லை.

கட்டில் வாங்கும் வரை இன்று ராத்திரியே கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைச் சுற்றிலும் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள்.