கம்யூனிட்டி காலேஜிலிருந்து பல்கலைக்கு மாறிய முதல் குவார்ட்டரிலேயே ஜிபிஏ 2.4. இனி டாக்டர் ஆக முடியுமா?

முடியும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியைப் படித்தபோது நீங்கள் நிம்மதியாகத் தூங்கியே பல நாள் ஆகியிருக்கும் என்று தோன்றியது.

கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடக் கல்லூரி) படித்து நான்குக்கு 3.9 ஜிபிஏ வைத்திருந்தேன், யூசி (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) வளாகம் ஒன்றுக்கு மாறினேன், முதல் குவார்ட்டரில் (பத்து வாரப் பருவம்) ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி, மொத்தம் 2.4, வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அதே வழியில் வந்தவள்தான். பிறகு என் வளாகத்தின் டியூட்டரிங் சென்டரில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தேன். முதல் மிட்டர்ம் பேப்பரோடு வந்து உட்கார்ந்தவர்களில் உங்களைப் போல இடையில் சேர்ந்தவர்களே அதிகம். அவர்களில் யாருக்கும் மூளை போதவில்லை என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

உங்கள் பல்கலையின் இணையதளம் காட்டும் 2.4-இல் பழைய காலேஜ் மதிப்பெண் சேராது. யூசியில் எடுத்த பாடங்களை மட்டும் வைத்து அந்த எண் வரும். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் ஆம்காஸ் அமைப்போ நீங்கள் படித்த எல்லாக் கல்லூரிகளின் பாடங்களையும் சேர்த்துப் புதிதாகக் கணக்குப் போடும். யூனிட் என்பது ஒரு பாடத்தின் எடை; குவார்ட்டர் யூனிட்டை மூன்றில் இரண்டு பங்காக்கி செமஸ்டர் யூனிட்டாக மாற்றும். பழைய காலேஜின் 60 செமஸ்டர் யூனிட்டை 3.9-ஆல் பெருக்கினால் 234 புள்ளி. இந்தக் குவார்ட்டரின் 15 யூனிட் அங்கே 10 ஆகும், 2.4 வீதம் 24 புள்ளி. 258-ஐ 70-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3.69. மிச்சமிருக்கும் ஐந்து குவார்ட்டரிலும் 3.8 எடுத்தால் பட்டம் முடியும்போது 3.73 இருக்கும். உங்கள் யூனிட்டுகளை வைத்து நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் ஆம்காஸ் தனியாகவும் ஒரு ஜிபிஏ போடும். அதில் யூனிட் குறைவு என்பதால் அடி கொஞ்சம் பலமாகத் தெரியும். அதையும் கணக்குப் போட்டுவிடுங்கள். தெரியாத எண்ணைவிடத் தெரிந்த எண் குறைவாகத்தான் பயமுறுத்தும்.

ஏன் இப்படி விழுந்தது? கம்யூனிட்டி காலேஜில் ஒரு செமஸ்டர் 16 முதல் 18 வாரம். பெர்க்லி, மெர்செட் தவிர மற்ற யூசி வளாகங்களில் இளநிலை மாணவர்களுக்குக் குவார்ட்டர் முறைதான். பாடம் நடப்பது 10 வாரம், அடுத்த வாரம் ஃபைனல். மூன்றாவது நான்காவது வாரத்திலேயே மிட்டர்ம் வந்துவிடும். அந்த நேரத்தில் நீங்கள் வீடு தேடி, பஸ் பழகி, எந்தக் கட்டடம் எங்கே என்று கண்டுபிடித்துக்கொண்டிருப்பீர்கள். கூடப் படிப்பவர்களோ இரண்டு வருடமாக அங்கேயே இருப்பவர்கள். பழைய வினாத்தாள், படிக்கிற குழு எல்லாம் அவர்களிடம் இருக்கும். ஜான் ஹில்ஸ் என்பவர் 1965-லேயே அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். கல்லூரி மாறியவர்களுக்கு முதல் பருவத்தில் மதிப்பெண் விழுவதும், பெரும்பாலோருக்குப் பிறகு மீள்வதும் அதில் தெரிந்தது. அறுபது வருடமாகத் தெரிந்த விஷயத்துக்கு நீங்கள் தனியாக உட்கார்ந்து உங்களையே திட்டிக்கொண்டிருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அடுத்த குவார்ட்டர்தான் முக்கியம். விழுந்ததை உடனே தூக்கி நிறுத்த வேண்டும் என்று 18, 20 யூனிட் எடுக்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். முழுநேர மாணவருக்கு 12 யூனிட் போதும். கனமான அறிவியல் பாடங்கள் இரண்டு, அவற்றோடு எழுத்து வேலை குறைவான ஒரு பாடம். நீங்கள் எஃப்-1 மாணவர் விசாவில் இருந்தால் சர்வதேச மாணவர் அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் அந்த 12-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஒரு பாடம் கைவிட்டுப்போகிறது என்று தெரிந்தால் கடைசித் தேதிக்குள் வெளியேறிவிடலாம். அப்போது மதிப்பெண்ணுக்குப் பதிலாக விழும் ஒரு டபிள்யூ ஜிபிஏவில் சேராது. ஆனால் அது வழக்கமாகிவிடக் கூடாது.

அந்த சி-யைத் திரும்ப எழுத முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். யூசியில் சி வாங்கிய பாடத்தைப் பொதுவாகத் திரும்ப எடுக்க விட மாட்டார்கள். வேறு எங்காவது எடுத்தாலும் ஆம்காஸ் இரண்டு மதிப்பெண்ணையும் சேர்த்தே எண்ணும், பழையது அழியாது. சி-க்குக் கீழே போனால்தான் பல மருத்துவக் கல்லூரிகள் ஏற்க மறுக்கும். ஆகவே அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த ஆர்கானிக் வகுப்பிலும் பயோகெமிஸ்ட்ரியிலும் ஏ எடுக்கப் பாருங்கள். அந்த சி-க்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

படிக்கிற விதத்தில் ஒரே ஒரு மாற்றம் சொல்கிறேன். நோட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பதை நிறுத்திவிட்டு, மூடி வைத்து எழுதிப் பாருங்கள். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-ல் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தங்களையே சோதித்துக்கொண்டவர்கள் நன்றாக நினைவு வைத்திருந்தார்கள். சென்டருக்கு வந்தவர்களிடம் நான் புத்தகத்தைத் திறக்கவே விடமாட்டேன். வெள்ளைத்தாளில் ரியாக்‌ஷனை அம்புக்குறியோடு போடச் சொல்வேன். எங்கே பேனா நிற்கிறதோ அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு பேராசிரியரின் ஆஃபீஸ் ஹவருக்குப் போகச் சொல்வேன். போய்ப் பேசுங்கள், கூச்சப்படாதீர்கள். பின்னால் சிபாரிசுக் கடிதம் எழுதப்போவதும் அவர்கள்தான்.

விண்ணப்பத்துக்கும் அவசரம் வேண்டாம். மூன்றாம் வருட முடிவில் விண்ணப்பித்தால் அவர்கள் கையில் இந்தச் சரிவும் அதற்குப் பிறகு இரண்டே குவார்ட்டரும்தான் இருக்கும். நான்காம் வருடம் முடிந்து விண்ணப்பித்தால் ஏறிவந்த பாதை முழுதும் தெரியும். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டுக்கும் நேரம் கிடைக்கும். இப்போது மருத்துவக் கல்லூரியில் சேருபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஒரு வருடமாவது இடைவெளி விட்டு வருபவர்கள்தான்.

அப்பா அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். ஊரில் ஒரே ஒரு நீட் மதிப்பெண்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது, பிளஸ் டூ முடித்ததும் நேராக எம்பிபிஎஸ். அதைப் பார்த்தவர்களுக்கு "2.4" என்றதும் "எல்லாம் போச்சு" என்றுதான் கேட்கும். அந்தக் கணக்குத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். எண்ணை ஒளிப்பதும் பாடத்தைப் படிப்பதும் ஒரே நேரத்தில் நடக்காது. பேசவே முடியாத அளவுக்கு மனசு கனத்தால், உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், அமெரிக்காவில் எந்த நேரமும் 988-ஐ அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். வளாகத்தில் கவுன்சிலிங்கும் இருக்கும். பருவம் தொடங்கியதும் கூட்டம் கூடிவிடும், அதற்கு முன்பே நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த குவார்ட்டருக்கு எந்தெந்தப் பாடம் யோசித்து வைத்திருக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். எதை எதோடு சேர்க்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.