முதல் சுற்றிலேயே லைன்மேனா? தாராளமாக எடுக்கட்டும்

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். எங்கள் என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணி போன வருடம்தான் ஒரு இளம் குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை எறியும் ஆட்டக்காரரை, எடுத்தது. கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் இந்த வருட டிராஃப்டில், எறிந்த பந்தைப் பிடிக்கும் நல்ல ரிசீவர் இருந்தும், முதல் சுற்றில் ஆஃபென்சிவ் டேக்கிளை (குவார்ட்டர்பேக்கைக் காக்க முன்வரிசையில் நிற்கும் லைன்மேன்களில் ஒருவர்) எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு. தடுக்கிற ஆளை எந்தச் சுற்றிலும் எடுக்கலாமே என்கிறார் நண்பர். சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கவே யோசனையாக இருக்கிறது. நான் பணம் கட்டிச் சேர்ந்த வாட்ஸ்அப் குழுவில் 'உள்தகவல்' என்று தினமும் ஒரு பட்டியல் வருகிறது. எதை நம்புவது?

பதில்: டிக்கெட்டைப் புதுப்பியுங்கள். அந்தக் குழுவிலிருந்து இன்றே வெளியேறுங்கள்.

பந்து கைக்கு வந்ததும் குவார்ட்டர்பேக்குக்குக் கிடைப்பது இரண்டரை, மூன்று நொடி. அந்த நேரத்தை வாங்கித் தருபவர்கள் முன்னால் நிற்கும் ஐந்து பேர். இரு ஓரத்திலும் நிற்கும் டேக்கிள்களுக்குத்தான் இதில் பாடு அதிகம். எதிரணியின் வேகமான ஆட்கள் பெரும்பாலும் அந்தப் பக்கமாகத்தான் பாய்ந்து வருவார்கள். 140 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு பின்வாங்கியபடியே அவர்களை மறிக்கத் தெரிந்தவர்கள் ஒரு வருட டிராஃப்டில் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள். இரண்டாம் சுற்று நடக்கும் இரண்டாம் நாள் போய்த் தேடினால் அவர்கள் இருக்க மாட்டார்கள்.

2002-இல் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் தன் முதல் சீசனுக்கு குவார்ட்டர்பேக் டேவிட் கார் என்பவரை முதல் ஆளாக எடுத்தது. அவர் முன்னால் உருப்படியான வரிசை இல்லை. அந்த ஒரே சீசனில், பந்தை எறிவதற்குள் 76 முறை வீழ்த்தப்பட்டார். இன்றுவரை அதுதான் சாதனை எண்ணிக்கை. எதிர்பார்த்த ஆட்டக்காரராக அவர் ஆகவே இல்லை. கேன்சஸ் சிட்டியின் நட்சத்திரக் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் போன்றவருக்கும் இதே கதிதான். 2021 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் கேன்சஸ் சிட்டியின் வழக்கமான இரண்டு டேக்கிள்களும் காயத்தால் இல்லை. அணி ஒரு டச்டவுன்கூட (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது) அடிக்காமல் 31-9 என்று தோற்றது. ஜெயித்த டாம்பா பேயின் வலது டேக்கிள் டிரிஸ்டன் வர்ஃப்ஸ், அதற்கு முந்தைய ஏப்ரலில் 13-ஆவது ஆளாக எடுக்கப்பட்ட புதுமுகம்.

பண விஷயமும் இருக்கிறது. முதல் சுற்றில் எடுத்தவர் நான்கு வருடம் கட்டுப்படியாகும் சம்பளத்துக்கு ஆடுவார். ஐந்தாவது வருடத்தையும் அணி கேட்டு வாங்கலாம். நல்ல டேக்கிளைச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கையில் வைத்திருக்கும் அணி அவரை எளிதில் வெளியே விடாது.

'ஜமார் சேஸை மறந்துவிட்டீர்களா?' என்று உங்கள் நண்பர் கேட்பார். நியாயமான கேள்வி. 2021-இல் சின்சினாட்டி பெங்கால்ஸ், டேக்கிள் பெனை சூவலை விட்டுவிட்டு ஐந்தாவது ஆளாக ரிசீவர் சேஸை எடுத்தது. முதல் சீசனிலேயே சேஸ் பந்தைப் பிடித்து 1,455 யார்டு குவித்தார். அணி சூப்பர் பவுல் வரை போனது. ஆனால் சேஸும் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவும் எல்எஸ்யூ கல்லூரியில் சேர்ந்து ஆடி 2019 சீசனில் தேசியப் பட்டம் வென்றவர்கள். அப்படி ஒரு ஜோடி எல்லா அணிக்கும் அமையாது. அப்புறம், அந்த சீசனில் பர்ரோ 51 முறை வீழ்ந்தார். பிளேஆஃப் எனும் நாக்-அவுட் சுற்றில் டெனசியிடம் ஒன்பது முறை, சூப்பர் பவுலில் ஏழு முறை. அந்த இறுதி ஆட்டம் மூன்று புள்ளியில் கைவிட்டுப் போனது. அடுத்த இரண்டு வருடமும் வெளியிலிருந்து லைன்மேன்களைப் பெரும் பணம் கொடுத்துத்தான் கொண்டுவந்தார்கள். சேஸ் போன்ற ஒருவர் உங்கள் முறைக்குக் காத்திருந்தால் எடுக்கட்டும், நானும் கைதட்டுவேன். 'நல்ல ரிசீவர்' என்பது மட்டும் போதாது.

இனி அந்த உள்தகவல். டிராஃப்டில் வருபவரின் சம்பளம் எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுகிறார் என்பதை வைத்தே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. ஆகவே தன் ஆளை இருபதாம் இடத்திலிருந்து பத்தாம் இடத்துக்கு ஏற்றிவிட்டால் ஏஜென்டுக்கும் லாபம். அதற்காக ஏப்ரலில் நிருபர்களுக்குப் போன் மேல் போன். 'இன்னார் மேல் இந்த அணிக்கு ஒரு கண்' என்ற செய்தி பல நேரம் இப்படித்தான் பிறக்கிறது. அணிகளும் போட்டியாளரை ஏமாற்றப் பொய்யைக் கசியவிடும். இலவசமாகக் கிடைக்கும் இந்தப் பேச்சையெல்லாம் வாரிக்கட்டி, உங்களிடமே காசு வாங்கிக்கொண்டு விற்பவர்கள்தான் அந்தக் குழுக்காரர்கள். அதை நம்பிப் பந்தயம் கட்டச் சொன்னால் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

டிராஃப்டுக்கு முன் நடக்கும் 40 யார்டு ஓட்டச் சோதனையைப் பார்த்து மயங்குவதும் வேண்டாம். லைன்மேன் ஒரு ஆட்டத்தில் அவ்வளவு தூரம் நேராக ஓடுவது அபூர்வம். 1989-இல் டேக்கிள் டோனி மாண்டரிச்சின் உடம்பையும் வேகத்தையும் பார்த்து ஊரே கொண்டாடியது. கிரீன் பே அவரை இரண்டாவது ஆளாக எடுத்து ஏமாந்தது. உங்கள் அணி எடுக்கும் ஆளின் கால் கல்லூரி ஆட்டங்களின் காணொளியில் எப்படி நகர்கிறது என்று பாருங்கள், அது போதும்.

எனக்கு ஆத்திரம் வருவது லீக்கின் ஏற்பாட்டைப் பார்த்துத்தான். வீரர் சங்கத்துடன் போட்ட 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு, சீசன் முழுவதற்கும் முழுக் கவசத்துடன் 14 பயிற்சிகள்தான். வீரர்களின் உடல் முக்கியம், சரி. ஆனால் மோதிப் பழகாமல் இந்தத் தொழில் வராதே! கல்லூரிகளும் பந்தைச் சட்டென்று எறிந்துவிடும் ஆட்டத்தையே ஆடுகின்றன. பையன்கள் பாதி கற்றுக்கொண்டு வருகிறார்கள். கடைசிச் சுற்றில் எடுத்த ஆளை உட்காரவைத்துச் செதுக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

டிராஃப்ட் முடிந்ததும், எடுத்தவரைக் கல்லூரியில் ஆடிய அதே பக்கத்தில் நிறுத்துகிறார்களா என்று பாருங்கள். இடப்பக்கத்து ஆளை வலப்பக்கம் மாற்றினால் காலும் கையும் தலைகீழாகப் பழக வேண்டும். பெங்கால்ஸ் விட்டுவிட்ட சூவலை டெட்ராய்ட் அப்படித்தான் மாற்றியது. சீசனுக்கு முந்தைய ஆட்டங்களில் அவர் தடுமாறினார், பிறகு லீக்கின் சிறந்த டேக்கிள்களில் ஒருவரானார். உங்கள் ஆளும் ஆகஸ்டில் தடுமாறினால் அக்டோபர் வரை பொறுத்திருங்கள்.