வாசகர் கேள்வி: பைபர் தகட்டைத் தொடாமல் அளக்கலாமா?

கேள்வி: எங்கள் பட்டறையில் வள்ளத்துக்கு 6 மி.மீ. பைபர் தகடு போடுகிறோம். அல்ட்ராசோனிக் மீட்டருக்கு க்ரீஸ் தடவினாலும், சொரசொரப்பான ரோவிங் (தடித்த கண்ணாடி இழைத் துணி) பக்கத்தில் அது பிடிப்பதில்லை. காற்று வழியே ஒலி அனுப்பித் தகட்டின் உறுதியை அளக்க முடியுமா?
— வாசகர், நீரோடி

பதில்: முடியும். ஆனால் கிடைப்பது விறைப்பு மட்டும்தான். எந்த பாரத்தில் உடையும் என்பதைத் தகட்டை உடைத்துப் பார்த்தே அறிய வேண்டும்.

காற்றிலிருந்து தகட்டுக்குள் நுழையும் ஒலி ஆற்றல் 2,000இல் ஒரு பங்குகூட இல்லை. மறுபக்கம் வெளியேறும்போதும் அதே இழப்பு. மிஞ்சுவது சுமார் 50 லட்சத்தில் ஒரு பங்கு. அதனால் எதிரொலியை நம்பிப் பயனில்லை. தகட்டின் தடிமன் அரை அலைநீளத்துக்குச் சமமாகும் அதிர்வெண்ணில் தகடே ஒத்ததிர்ந்து ஒலியைக் கடத்தும். அந்த அதிர்வெண்ணைத்தான் தேட வேண்டும்.

200 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்டியூசர் (ஒலியை அனுப்பும், வாங்கும் கருவி) இரண்டை நேருக்கு நேர் நிறுத்தி, முதலில் தகடு இல்லாமல் 120 முதல் 300 கிலோஹெர்ட்ஸ் வரை வந்து சேரும் ஒலியின் அளவைப் பதிவு செய்யுங்கள். பிறகு 30 செ.மீ. சதுரத் தகட்டை நடுவே வைத்து மறுபடி பதிவு செய்து, இரண்டாவதை முதலாவதால் வகுங்கள். சிறிய துண்டு வேண்டாம். ஒலி ஓரம் சுற்றி வந்துவிடும். வகுத்து வந்த அளவு மிக உயரும் இடம்தான் சிகரம். அது 208 கிலோஹெர்ட்ஸில் நின்றால், தகட்டுக்குள் ஒலியின் வேகம் = 2 × 0.006 × 2,08,000, அதாவது வினாடிக்கு 2,496 மீட்டர்.

அடர்த்திக்கு ஒரு துண்டை வெட்டி, காற்றிலும் நூலில் கட்டி நீருக்குள்ளும் எடை பாருங்கள். காற்றில் 100 கிராம், நீரில் 31 கிராம் என்றால் கன மீட்டருக்கு 1,450 கிலோ. இதை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் தடிமன் திசையில் விறைப்பு சுமார் 9 ஜிகாபாஸ்கல்.

பெரும்பாலும் கெடுவது சாய்வில்தான். தகடு 3 டிகிரி சாய்ந்தால் உள்ளே ஒலி 22 டிகிரிக்கு வளைகிறது, சிகரமும் சுமார் 8 சதவீதம் மேலே போய்விடும். மெல்லத் திருப்பி, சிகரம் மிகக் குறைந்த அதிர்வெண்ணில் நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். அடுத்தது தடிமன். 0.2 மி.மீ. பிசகினால் விறைப்பில் 6 சதவீதத்துக்கு மேல் பிழை வரும். ரோவிங் பக்கம் மேடுபள்ளம் என்பதால் ஒலி படும் இடத்திலேயே ஒன்பது புள்ளிகளில் மைக்ரோமீட்டர் வைத்துச் சராசரி எடுக்க வேண்டும்.

சிகரம் நாளுக்கு நாள் மேலேறினால் ரெசின் இன்னும் இறுகிக்கொண்டிருக்கிறது. தாழ்ந்து பரந்திருந்தால் காற்றுக்குமிழியைச் சந்தேகியுங்கள். ஒலியே வரவில்லையென்றால் அடுக்கு பிரிந்திருக்கலாம்.

கேள்வி: ஒரு பக்கம் மட்டும் எட்டும் இடத்தில்?
— வாசகர், பனச்சமூடு

பதில்: இரண்டு டிரான்ஸ்டியூசரையும் ஒரே பக்கத்தில், எதிரெதிராகச் சாய்த்து வையுங்கள். தகட்டை மேலும் கீழும் வளைத்தபடி அதன் வழியே ஓடும் வளைவலையை 50 கிலோஹெர்ட்ஸில் பிடிக்கலாம். அது வினாடிக்கு 900 மீட்டரில் ஓடினால், 30 டிகிரி வெப்பத்தில் டிரான்ஸ்டியூசரின் சாய்வு செங்குத்திலிருந்து சுமார் 23 டிகிரி. காற்றில் ஒலியின் வேகம் வெப்பத்தோடு மாறுவதால் தெர்மாமீட்டர் பக்கத்திலேயே இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவே தடித்த ஸ்பாஞ்ச் வைக்காவிட்டால் காற்றில் நேரே வரும் ஒலி அளவை மூடிவிடும்.