வயசு 52, பிஎஸ்ஏ ஒரே வருஷத்துல 2.8ல இருந்து 6.1 ஆயிடுச்சு, இது கேன்சர்தானா?

சார், ரிப்போர்ட்ட வீட்ல காட்டாம ஃபோன்லயே வச்சுகிட்டு ராத்திரி ஒரு மணிக்கு தேடிகிட்டு இருக்கீங்க, சரிங்களா? நானும் அப்படித்தான் இருந்தேன், அதனாலதான் எழுதறேன். நான் டாக்டர் இல்லைங்க, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில கணக்கு பாக்கறவன்.

எனக்கு 54. மாஸ்டர் செக்கப்ல பிஎஸ்ஏ, அதாங்க ஆம்பளைங்களுக்கு மூத்திரப்பைக்கு கீழ இருக்கற புராஸ்டேட் சுரப்பிக்காக பாக்கற ரத்த டெஸ்ட், அதுக்கு முந்தின வருஷம் 1.9, போன வருஷம் 8.4. தடிச்ச எழுத்து, பக்கத்துல மேல பாத்த அம்புக்குறி வேற. மொதல்ல போன ஆஸ்பத்திரில அஞ்சு நிமிஷம்கூட பேசல, எம்ஆர்ஐ எழுதி அடுத்த வாரம் பயாப்ஸின்னு (ஊசி குத்தி துளி சதை எடுத்து கேன்சரான்னு பாக்கறது) தேதியும் குடுத்துட்டாங்க. நான் அதுக்குள்ள எல்ஐசி பாலிசி எல்லாம் எடுத்து நாமினி பேர் சரியா இருக்கான்னு பாத்துட்டேன், சிரிக்காதீங்க.

பீரோவ கிளறுனதுல வீட்ல கண்டுபிடிச்சுட்டாங்க. அவங்கதான் இன்னொரு யூராலஜிஸ்ட்கிட்ட (யூரின், புராஸ்டேட் பிரச்சனை பாக்கற டாக்டர்) இழுத்துட்டு போனது. அவரு ரிப்போர்ட்ட ஓரமா வச்சுட்டு, சமீபத்துல காய்ச்சல், ஒன்னுக்கு போறப்ப எரிச்சல் ஏதும் இருந்துச்சுங்களான்னு கேட்டாரு. இல்லைங்க சார்ன்னேன். பக்கத்துல இருந்து, "என்னங்க இல்லைங்கறீங்க, பழனி போயிட்டு வந்து மூணு நாள் குளிர் காய்ச்சல்ல கெடந்தீங்க, பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா பாத்ரூம் போனீங்க"ன்னு போட்டு உடைச்சுட்டாங்க. டெஸ்டுக்கு ரத்தம் குடுத்தது அது முடிஞ்சு பத்தாவது நாளு. வெக்கத்துல நான் யார்கிட்டயும் சொல்லல.

யூரின் கல்ச்சர்ல கிருமி இருந்துச்சு. நாலு வாரம் ஆன்டிபயாடிக், அப்புறம் ரெண்டு மாசம் கழிச்சு அதே லேப்ல டெஸ்ட், 2.6. இன்ஃபெக்‌ஷனோட பயாப்ஸி ஊசி குத்துனா கிருமி ரத்தத்துல ஏறிட வாய்ப்பு இருக்காம், அந்த தேதில போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனைச்சாலே வேர்க்குது. அவரு சொன்னது, பிஎஸ்ஏங்கறது புராஸ்டேட் சுரக்கற ஒரு புரோட்டீன், கேன்சர்ல மட்டும் ஏறாது, வயசானா வர்ற வீக்கம், இன்ஃபெக்‌ஷன், யூரின் டியூப் போட்டது, ஏன் டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி தாம்பத்யம், நீண்ட சைக்கிள் ஓட்டம்கூட ஏத்திவிடும். அதே மாதிரி எறக்கியும் காட்டும், முடி கொட்டுதுன்னு ஃபினாஸ்டரைடு மாத்திரை போடறீங்கன்னா ஆறு மாசத்துல நம்பர் பாதியாயிடும், டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

உடனே கமெண்ட்ல வந்து பயாப்ஸி வேண்டாங்கறியான்னு சண்டைக்கு நிக்காதீங்க. என் பெரியப்பா பையனுக்கு வெறும் 3.9, நாலுக்கு கீழ, நார்மல்னு லேப்காரனே போட்டிருந்தான். ஆனா அதுக்கு முன்னாடி 1.4. டாக்டர் ஆசனவாய் வழியா விரல் விட்டு பாக்கறப்ப புராஸ்டேட்ல கட்டி தட்டுப்பட்டு, பயாப்ஸில கேன்சர்னு வந்து, ஆபரேஷன் பண்ணி இப்ப நல்லா இருக்கான். உங்களுக்கும் மறு டெஸ்ட்ல எறங்கலன்னா ஃப்ரீ பிஎஸ்ஏ (ரத்தத்துல வேற புரோட்டீனோட ஒட்டாம தனியா இருக்கற பிஎஸ்ஏ எவ்வளவுன்னு பாக்கறது), எம்ஆர்ஐ, தேவைப்பட்டா பயாப்ஸின்னு போய்த்தான் ஆகணும், தள்ளி போடாதீங்க.

எம்ஆர்ஐன்னதும் வயிறு எரியுது. ஒம்பதாயிரம் ரூபா. அட்மிட் ஆகாம எடுத்தீங்க அதனால கிடையாதுன்னு இன்சூரன்ஸ்ல கைய விரிச்சுட்டாங்க. அப்ப ஒரு ஸ்கேனுக்காக நான் ஆஸ்பத்திரி கட்டில்ல படுத்து எந்திரிக்கணுமா? பதினோரு வருஷமா ஒரு கிளைம் கிடையாது, பிரீமியம் மட்டும் தேதி தவறாம புடுங்கறாங்க. நாலு மெயில் போட்டேன், நாலுக்கும் ஒரே பதில், பேர் கூட தப்பா.

அது கெடக்கட்டும். டெஸ்டுக்கு முன்னாடி ஒரு மாசத்துல காய்ச்சல், எரிச்சல் ஏதாவது இருந்துச்சான்னு நீங்க கேள்வில போடவே இல்லையே. உங்களுக்கு ஞாபகம் இல்லன்னா வீட்ல கேளுங்க.