வேலை, சின்னக் குழந்தை, வயித்துல இன்னொன்னு: மட்டக்குதிரையை வித்துடணுமா?

விக்காதீங்க, வச்சிருக்கிற முறையை மாத்துங்க. இங்கிலாந்துல குதிரையை டிஐஒய் லிவரியில வச்சிருக்கிறதா எழுதியிருக்கீங்க, அதாவது இடத்துக்கு மட்டும் வாடகை, சாணி அள்றதுலேர்ந்து தண்ணி வைக்கிற வரைக்கும் தினமும் நீங்களேதான் ஓடணும், வேலைக்கும் போய்க்கிட்டு கர்ப்பத்தோட இதை எப்படிங்க சமாளிப்பீங்க? பார்ட் லிவரிக்கு மாறினா பாதி வேலையை லாயத்துக்காரங்க பாத்துப்பாங்க, காசு கூடத்தான். கட்டுப்படி ஆகலைன்னா ஷேர் குடுங்க, சில நாள் சவாரிக்காக செலவுலயும் வேலையிலயும் பங்கு எடுத்துக்க ஆள் இருக்காங்க, ஒப்பந்தம் மட்டும் எழுத்துல போட்டுக்கங்க.

எக்ஸ்மூர், ஷெட்லாண்ட் மாதிரி மட்டக்குதிரை ஜாதின்னா வருஷம் பூரா வெளியவே நிக்கும், லாயம் சுத்தம் பண்ற வேலை மிச்சம். ஆனா வசந்தகாலப் புல்லுல சர்க்கரை அதிகம், வயிறு முட்ட மேஞ்சா லேமினைடிஸ்ங்கிற குளம்பு அழற்சி வந்துடும், குளம்பு சூடா இருக்கும், முன்னங்காலை நீட்டி உடம்பைப் பின்னாடி சாய்ச்சு நிக்கும், அப்படிப் பாத்தா அன்னைக்கே கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்க.

சவாரியை இப்போ நிறுத்திடுங்கன்னுதான் சொல்லுவேன், கீழ விழுற ஆபத்துதான் காரணம், உங்க மிட்வைஃப்கிட்டயும் (பிரசவம் பாக்கிற நர்ஸ்) பேசுங்க. இன்னொன்னு ரொம்ப முக்கியம், பெண் குதிரைக்குக் குடுக்கிற ரெகுமேட் ஹார்மோன் மருந்து தோல் வழியாவே உள்ள போயிடும், கர்ப்பிணிங்க அதைத் தொடவே கூடாது, வேற யாராவது குடுக்கட்டும்.

குழந்தையை எவ்வளவு சாதுவான குதிரைகிட்டயும் தனியா விடாதீங்க, நீங்க குளம்பைத் தூக்கிப் பாக்கிற நேரத்துல குழந்தையைப் பிடிச்சுக்க இன்னொரு பெரியவங்க கண்டிப்பா வேணும்.