பெயர்களின் நெரிசலில் ஒரு நாவல்

கேள்வி: மாதந்தோறும் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலை ஐப்பசி மழைக்குள் முடிக்க எண்ணினோம். பெயர்க் குழப்பத்தில் பாதிப் பேர் பின்தங்கிவிட்டனர். தொடரலாமா?
– வாசகி, குன்னூர்

பதில்: தொடருங்கள், மழைக்குள் முடிக்கும் அவசரம்தான் வேண்டாம். 1869-இல் முழுமை பெற்ற அந்நாவல், 1805-ஆம் ஆண்டின் பீட்டர்ஸ்பர்க் விருந்தொன்றில் பலரை ஒருசேர அறிமுகப்படுத்துவதோடு, ஒருவரையே இயற்பெயர், தந்தைவழிப் பெயர், செல்லப்பெயர் என மாற்றி மாற்றி அழைப்பதால், தடுமாற்றம் இயல்பே. ரஸ்தோவ், பல்கோன்ஸ்கி, பெசூகவ், குராகின் குடும்பங்களை மட்டும் ஒரு தாளில் எழுதி நடுவில் வையுங்கள். போர்க்களப் பகுதிகளைத் தாண்டலாம் என்பார்கள், எனக்கு உடன்பாடில்லை. ஆஸ்டர்லிட்ஸ் போர்க்களத்தில் காயமுற்றுக் கிடக்கும் ஆந்த்ரேய் பல்கோன்ஸ்கி அண்ணாந்து காணும் வானத்தைத் தவறவிட்டவருக்குப் பிற்பகுதி ஆந்த்ரேய் விளங்கமாட்டார். வரலாற்றுத் தத்துவம் பேசும் முடிவுரையின் இரண்டாம் பகுதியை மட்டும் விருப்பமுள்ளோர் படிக்கட்டும்.