கிண்டிலில் வாங்கும் பொத்தானைக் காணோமா?
ஐபோனில் அமேசானின் மின்னூல் செயலியான கிண்டிலில் புத்தகம் தெரிகிறது, வாங்க வழியில்லை, அழித்துவிட்டு மறுபடி நிறுவியும் பயனில்லை என்கிறீர்கள். உங்கள் போனில் கோளாறு இல்லைங்க. செயலிக்குள் மின்னூல் விற்றால் ஆப்பிள் 30 சதவீதம் வரை கமிஷன் கேட்கும். அதைக் கொடுக்க மனமில்லாத அமேசான் அங்கே விற்பதே இல்லை. அவர்கள் கொடுக்கல் வாங்கல் தகராறில் அல்லாடுவது நாம்!

சஃபாரியில் அமேசான் தளத்தைத் திறந்து, அதே கணக்கில் நுழைந்து வாங்குங்கள். அமேசான் ஷாப்பிங் செயலி தானாகத் திறந்துகொண்டால் மூடிவிடுங்கள், அதிலும் இதே கதைதான். பிறகு கிண்டிலில் நூலகப் பக்கத்தைக் கீழே இழுத்துவிட்டால் அட்டைப்படம் வந்து நிற்கும்.

அமெரிக்கக் கணக்கு என்றால் செயலியைப் புதுப்பித்துப் பாருங்கள். எபிக் கேம்ஸ் நிறுவனம் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரலில் வந்த உத்தரவுக்குப் பிறகு, அங்கே மட்டும் இணையதளத்துக்குக் கூட்டிப்போகும் பொத்தான் வந்துவிட்டது.